எட்டு அடி மேசை

மேசை எட்டு அடி.
வாடகை எண்பத்தைந்து டாலர், இரண்டு நாளுக்கு.
விரிப்பை நாமே கொண்டுபோக வேண்டும்.
ஞாயிறு மூன்று மணிக்கு முன்
யாரும் மூட்டை கட்டக் கூடாது.
விசைகளைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருக்க வேண்டும்.
படிவத்தின் அடியில் கேலார்ட் ப்ரூயிட்டின் கையெழுத்து,
கோழி கிண்டிய மண் மாதிரி.

என்னிடம் இருப்பவை ஏழு.
மூன்று மானுக்கு, இரண்டு வாத்துக்கு,
ஒன்று அணிலுக்கு.
ஏழாவது எதற்கென்று
வாங்கிய அன்றும் தெரியாது.

சலைனாவில் நாடீன் பார்த்துவைத்திருக்கும் வீடு
இரண்டாம் மாடி, இரண்டே அறை.
"பெட்டியா நானா என்றெல்லாம் கேட்க மாட்டேன்,
அந்தப் படியில் இரும்புப்பெட்டி ஏறாது,
அவ்வளவுதான்" என்கிறாள்.

மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
கடைக்காரன் மொத்தமாக எடுத்தால் ஆயிரத்து நானூறு.
மேசை போட்டால் இரண்டாயிரத்து இருநூறு வரலாம்.
கழி, வாடகை. கழி, டீசல், ஒரு இரவு மோட்டல்.
கழி, பன்னிரண்டு டாலருக்கு விற்கும் அந்தக் காய்ந்த ரொட்டி.
சிமெண்ட் தரையில் நாளெல்லாம் நிற்கப்போகும்
இடது முழங்காலுக்கு விலை போடத் தெரியவில்லை.
மிச்சம் ஐந்நூறு சொச்சம்.

"மேசையே எதற்கு?" என்றான் ஆரின்.
"பத்து டாலர் டிக்கெட். தோளில் மாட்டிக்கொண்டு நட.
குழலில் ஒரு குச்சி, குச்சி நுனியில் விலைச்சீட்டு.
நீ கடைக்காரன் இல்லை, உன் பொருள்.
உரிமத்தைப் பார், கான்சாஸ்காரனா, கொடு.
வேறெதுவும் நீ கேட்க வேண்டியதில்லை."

கடைசியாகச் சொன்னதை
மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

போன வசந்தத்தில் பீகிள் குட்டிகள் ஐந்து,
சும்மா கொடுத்தேன். சும்மாவா?
வேலி உண்டா என்று கேட்டேன்.
பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன்.
இதற்குமுன் வைத்திருந்த நாய் எப்படிச் செத்தது?
அதற்கு ஒருவன் உடனே பதில் சொல்லவில்லை.
தரையைப் பார்த்தான்.
குட்டியெல்லாம் போய்விட்டது என்றேன்.
சமையலறைக் கூடையில் மூன்று கத்திக்கொண்டிருந்தன.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவன் வந்து நிற்பான்.
உரிமத்தை நீட்டுவான்.
அந்தப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் விழிக்கிறார்கள்.
ஏழாவதை எடுத்துக்
கையில் ஏந்தி எடை பார்ப்பான்,
தர்பூசணி வாங்குகிறவன்போல.
அவனுக்குப் பின்னால் இன்னும் இருவர், கையில் பணத்தோடு.
உன் பழைய நாய் எப்படிச் செத்தது என்று
அங்கே கேட்க முடியுமா?

அந்த மனிதன் நல்லவனாகவும் இருந்திருக்கலாம்.
தொண்டையில் எதையோ விழுங்கியிருக்கலாம்.
இதையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன்.
என் கண்ணை நம்பி ஒரு குட்டியை மறுத்தேன்;
அதே கண்ணை நம்பி
ஞாயிறு மூன்று மணிவரை உட்கார வேண்டும்.

விற்கும் பொருள் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
பென்சிலால் ஏழு என்று எழுதினேன்.
அழித்தேன். ஆறு.
அழித்தேன். தாள் மெலிந்து
அடியிலிருக்கும் விரிப்பின் பூ தெரிகிறது.
கடைசியில் பேனாவால் ஏதோ எழுதிக்
காசோலையோடு உறையில் போட்டு,
வாசல் தபால்பெட்டியில் வைத்து,
எடுத்துப்போ என்று சிவப்புக் கொடியை உயர்த்திவிட்டு வந்தேன்.

வெல்டா பதினொன்றேகாலுக்கு வருவாள்.
பதினொன்றுக்கு நடந்துபோய்க் கொடியை இறக்கினேன்.
உறையை எடுக்கவில்லை.
எங்களுக்குத் தபால் இருந்தால் பெட்டியைத் திறப்பாள்,
பார்ப்பாள், எடுத்துக்கொண்டு போவாள்.
இல்லையென்றால் வண்டி நிற்காது.

நாடீன் ஜன்னலருகே வந்தாள்.
"யாருடைய கடிதத்துக்குக் காத்திருக்கிறாய்?"
மின்கட்டண ரசீது, என்றேன்.
"அது செவ்வாயே வந்துவிட்டது," என்றாள்,
"முதுகெல்லாம் உன் கழித்தல்."